நங்கை இறக்கி வைத்த இளநீர்

வாய் சீவிய இளநீர் ஒன்று மதில்மேல் யாரும் தொடாமல் இருந்தது. சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிட்டது. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் நங்கை வீட்டுக்கும் நடுவே இருந்த மதில் அது. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். இவர் கூடப்பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். என் கணவருக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால் எங்கள் கல்யாணத்தில் சகோதரி செய்ய வேண்டிய இணைச்சீரை இவரே செய்தார். அன்றிலிருந்து எனக்கு நங்கை, என் மாமனாருக்கு மகள். சீர் செய்தவளோடு உறவு அறுந்தால், கூடப்பிறந்தவளோடு அறுந்த மாதிரிதான்.

அப்படிப்பட்ட உறவைக் கோர்ட்டுக்கு இழுத்தது ஒரு தென்னை மரம். அவர் வீட்டில் முளைத்து எங்கள் வீட்டுமேல் சாய்ந்த மரம். காய் விழுந்து சிமெண்ட் ஷீட் உடைந்தது, அப்புறம் தண்ணீர் டேங்க். வெட்டிவிடு என்றார் மாமனார். “காய்க்கிற மரத்தை எப்படிங்க பெரியப்பா வெட்டறது? ஷீட்டை நான் மாத்தித் தந்தர்றனுங்க” என்றார் நங்கை. மாமனார் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். சொன்னது நடக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நேராக வக்கீலிடம் போய்விட்டார். வேண்டாம் என்று நானும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். மருமகள் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டது?

மரத்தைப் பார்த்து அறிக்கை தர ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்தது நீதிமன்றம். அதுவரை மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. மரத்தை வெட்டக் கூடாது, அவ்வளவுதான் என்று நங்கை புரிந்துகொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களை வாய் நனைக்காமல் அனுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த பெரிய குற்றம். கமிஷனர் வரும் நாளன்று காலையிலேயே மரமேறும் ஆளை விட்டு, எங்கள் பக்கம் தொங்கிய குலைகளை இறக்கி வைத்துவிட்டார்.

எல்லோரும் வந்தார்கள். “ஏனுங்க, வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல இதைக் குடிங்க” என்று கமிஷனருக்கும் எங்கள் வக்கீலுக்கும் ஒவ்வொன்றாகச் சீவிக் கொடுத்தார். எங்கள் வக்கீல் குடித்து முடித்துவிட்டு, எந்த மரத்துக் காய் என்று சாவகாசமாகக் கேட்டார். “இந்த மரந்தானுங்க. நல்லா இனிக்குதுங்களா?” என்றார் நங்கை, அத்தனை பெருமையாக. பிறகு மாமனாரிடம் ஒன்றை நீட்டினார். “கேஸு பாட்டுக்கு கேஸு நடக்கட்டுங்க பெரியப்பா. நீங்க குடிங்க.” மாமனார் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை. மதில்மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீல் எழுந்தார். கூரைமேல் தொங்கிய குலைகள் கமிஷனர் கண்ணில் படக் கூடாது என்று திட்டமிட்டே இந்தம்மா இறக்கிவிட்டார், தடயத்தை அழித்துவிட்டார் என்றார். குடித்த வாய்தான் அப்படிப் பேசியது. நங்கை மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கொடுக்கத்தான் இறக்கினாள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று நானும் காத்திருந்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்கு நங்கை காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஆள் வைத்து மரத்தை அவரே வெட்டிப்போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் போன் செய்தார். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரலும் வரவில்லை.

இப்போது மாமனாருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. போன வாரம் நங்கை வந்தார். படுத்திருப்பவரைப் பார்க்க வராமல் இருப்பது அவரால் ஆகாது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து மாத்திரை விசாரித்தார், விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தார். நான் காபி கொண்டுவந்தேன். “வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்” என்றார். தண்ணீர் கொடுத்தேன். சொம்பைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்தார். “வாரேனுங்க பெரியப்பா” என்று சொல்லிக் கிளம்பினார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மாமனார் கண்ணைத் திறந்தார்.

“அம்மணி ஏதாச்சும் குடிச்சாளா?”

“இல்லீங்க மாமா.”

“தண்ணியாச்சும்?”

“அதுவும் இல்லீங்க.”