வலது இடுப்புக்குத் தைத்த உறை

புதுத் தோலில் விளக்கெண்ணெய் ஊறும்போது எழும் வாடை மற்றவர்களுக்குப் புதுச் செருப்பையோ பள்ளிக்கூடப் பையையோ நினைவூட்டலாம். எனக்கு அது மூக்கில் ஏறியதுமே பல்லைக் கடிக்கத் தோன்றும். போன மாதம் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பைக் சீட் உறையும் இடுப்பு பெல்ட்டும் தைக்கிற ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தபோது அந்த வாடைதான் முதலில் வந்தது. என் பையில் செய்தித்தாள் சுற்றிய வெட்டுக்கத்தி ஒன்று இருந்தது. அதற்கு அளவெடுத்து உறை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கு நான் ஏன் குரலை உயர்த்திப் பதில் சொன்னேன் என்பது, நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையைச் சொன்னால்தான் விளங்கும்.

கத்தி என் அம்மாவுடையது. கல்யாணமாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். முழங்கை நீளம், நுனியில் லேசான வளைவு, புளியங்கட்டைப் பிடி. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். பிறந்த வீட்டில் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. இடது கையால் ஓங்கினால் கிளையில் சரியாக இறங்கும்படி, வெட்டும் வாயின் சரிவை மறுபக்கம் வைத்துக் கொல்லரிடம் அடிக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அதே கைக்குப் பெயர் "பீச்சாங்கை". அதிகமும் அப்படிச் சொன்னவர் அத்தை. அப்பாவின் அக்கா, கணவர் இறந்தபின் எங்களோடு வந்து இருந்தவர். சோறு போடுவது, தண்ணீர் மோந்து தருவது, விளக்கேற்றுவது எல்லாம் வலது கையால்தான் நடக்க வேண்டும். அம்மா பழகிக்கொண்டாள். வீட்டுக்குள் வலது கை, வேலிக்கு வெளியே இடது கை என்று அவள் இரண்டு ஆளாக வாழ்ந்தாள்.

கோடையில் புல் கருகிவிட்டால் எங்கள் ஆடுகளுக்குத் தழைதான் தீனி. காட்டோரத்தில் ஆச்சா மரங்களும் இரண்டு வாகைகளும் நின்றன. அப்பாவுக்கு மரமேறினால் தலை சுற்றும். அது எங்கள் வீட்டு ரகசியம். அம்மாதான் ஏறுவாள். கிளையைப் பற்ற இரண்டு கையும் வேண்டும் என்பதால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கத்தியைக் கோணித்துணியில் சுற்றிப் பின்னிடுப்பில் சொருகிக்கொள்வாள். ஒரு நாள் துணி நழுவி, தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிவிட்டது. மஞ்சளை அரைத்து அவள் அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பா, யாரும் கேட்காமல் தானாகவே சொன்னார்: "சந்தைக்குப் போறப்ப உறை ஒண்ணு தெச்சாந்து தரேன்."

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொம்பள இடுப்புல உறையா? ஏன்டி மாதம்மா, போலீசு வேலைக்கா போற?"

"போனா மொதல்ல உங்களத்தாங்க அண்ணி புடிச்சு உள்ள வெப்பேன்" என்றாள் அம்மா. அன்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தைக்கு அப்பாவோடு நானும் போனேன். வேப்பமரத்தடியில் மாட்டுக் கழுத்துப் பட்டையும் செருப்பும் தைத்து விற்கிற தோல்காரர் ஒருவர் இருந்தார். கைவேலை சுமார்தான், வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. அவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் கதை கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர் கத்தியை வாங்கிப் புரட்டினார்.

"என்னங்ணா, வாயி மாத்தி அடிச்சிருக்குது? யாருக்குங்க இது?"

அப்பா வேறு பக்கம் பார்த்தார். "எங்க அம்மாவுக்கு" என்றேன் நான்.

"வூட்டுக்காரம்மாவுக்கா!" என்று தோல்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்ப ஓரத்துல பூ வெச்சுத் தெச்சுரலாம்ங்ணா. அவிங்க கத்தியக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போவட்டும், நீங்க வூட்ல கொழம்பு தாளிங்க."

"மரமேறறதும் அவிங்கதானாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. "புள்ள என்னமோ ஒளறுது. எனக்குத்தான்யா. அளவெடு."

"வலதுங்களா, இடதுங்களா?"

"எங்க வூட்ல யாருக்கும் பீச்சாங்கை கெடையாது."

சந்தையில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. மற்றதையெல்லாம் அவர் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். தடித்த எருமைத் தோல் வேண்டும் என்றார். மெல்லியதைக் காட்டியபோது ஒதுக்கினார். சிவப்பு நூல் கேட்டார். பித்தளைப் பொத்தானைத் திருகித் திருகிச் சோதித்தார். தன்னுடைய அகலமான பச்சை பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்து, அதற்குத் தகுந்த மாதிரி பின்னால் வளையம் வைக்கச் சொன்னார். சாயங்காலம் தைத்து முடிந்ததும் வலது இடுப்பில் மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நாலடி நடந்தும் காட்டினார். உறை பார்க்க மிக அழகாக இருந்தது. அந்த அழகை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அம்மா அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். விளக்கெண்ணெய் தடவி நிழலில் காயவைத்தாள். மறுநாள் இடுப்பில் கட்டியபோதே அது அவளுக்கானதல்ல என்று தெரிந்துவிட்டது. இடப்பக்கம் கட்டினால் கத்தியின் வாய் பின்னோக்கித் திரும்பி, பிடி கைக்கு எட்டாமல் சாய்ந்தது. வலப்பக்கம் கட்டினால் இடது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுவந்து உருவ வேண்டியிருந்தது. பெல்ட்டுக்கு வைத்த வளையத்தில் சணல் கயிறு கோத்துத்தான் கட்ட முடிந்தது; உறை நிலைகொள்ளாமல் ஆடியது. நான் சந்தையில் நடந்ததை, பூ வைத்துத் தைக்கலாம் என்ற கேலி உட்பட, ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். அவள் கயிற்றை அவிழ்த்து உறையைக் கையில் எடுத்தாள். பிறகு அப்பாவிடம், "மறுபக்கமா மாத்தித் தெச்சுத் தரச் சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்டாள்.

"வர்ற சந்தைக்குப் பாக்கலாம்" என்றார் அப்பா.

அந்தச் சந்தை வந்து போனது, அதற்கடுத்ததும் போனது. மாற்றித் தைக்கச் சொல்ல வேண்டுமென்றால், இடது கைக்காரிக்கு என்று அந்த மரத்தடியில் வாய்திறந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிட, பெண்டாட்டி குறுக்குக் கையால் கத்தி உருவுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

கத்தியின் சரிவு மறுபக்கம் இருந்ததால், குறுக்கே இழுக்கும் ஒவ்வொரு முறையும் வாய் தையலை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை, ஆடுகிற உறையை வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் உருவியபோது, சிவப்பு நூல் அத்தனையும் விட்டுப்போய், கத்தி உறையைப் பிளந்துகொண்டு அவளுடைய வலது உள்ளங்கைக்குள் இறங்கியது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் வேலியைத் தாண்டி வந்ததை நான் பார்த்தேன். மஞ்சள் சேலை முழங்கால் வரை வேறு நிறமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன்பின் மடங்கவே இல்லை.

இடது கைக்காரிக்கு வலது கை போனால் என்ன நஷ்டம் என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் மரியாதை முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. கட்டு அவிழ்த்த அன்று மத்தியானம், அம்மா இடது கையில் கரண்டி பிடித்துச் சோறு போட வந்தாள். அத்தை தட்டை இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையில போடாத. சோறுன்னா சோறா இருக்கணும்."

அம்மா சட்டியை நடுவில் வைத்தாள். சத்தம் போட்டுத்தான் வைத்தாள். "நல்ல கை போயிருச்சுங்க அண்ணி. உங்க தம்பி தெச்சாந்த உறையிலயே போயிருச்சு. இனிமே இருக்கறது இந்தக் கைதான். வேணும்னா போட்டுத் தின்னுங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த நொடியில் அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது: தட்டை அம்மாவிடம் நீட்டுவது. பேசக்கூட வேண்டாம், நீட்டினால் போதும். அவர் குனிந்தபடியே கரண்டியை எடுத்துத் தனக்குத் தானே போட்டுக்கொண்டார். அன்று மட்டுமல்ல, சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்கு வேலை வெக்காத மனுசன்" என்று வெளியே போய்ப் புகழ்ந்தார்கள். அவர் மறுக்கவில்லை. அத்தையோ, கத்தி கட்ட ஆசைப்பட்டதால்தான் இந்த வினை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் அவர் மறுக்கவில்லை.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினால் அவள் சொல்வது ஒன்றுதான்: "ஆசையாத்தான் வாங்கியாந்தாரு. அத்தன பேரு சிரிக்கறப்ப அவரு என்ன பண்ணுவாரு?" அவள் மன்னித்துவிட்டாள்; அது அவளுடைய உரிமை. எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. அத்தனை பேர் சிரித்தால், கூடச் சிரித்துவிட்டு, "ஆமாய்யா, எம் பொண்டாட்டிக்குத்தான், இடது பக்கமா தை" என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிரிப்பைத் தாங்கியிருந்தால் ஒரு கை மிஞ்சியிருக்கும்.

அம்மா மறுபடி கோணித்துணிக்கே போனாள். எழுபது தாண்டிய இப்போது மரமேறுவதில்லை. இரண்டு ஆடுகளுக்காகத் தரையில் நின்றபடியே வேலியோரத்துக் கிளைகளில் தழை கழிக்கிறாள். போன மாதம் அவள் முழங்காலில் ஒரு புதுக் கீறலைப் பார்த்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ஓர் இளைஞர். ஒகேனக்கல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிற பையன்களுக்கு உறை தைத்துக் கொடுத்த படங்களை ஃபோனில் தள்ளித் தள்ளிக் காட்டினார். பிறகு கேட்டார்: "சாருக்குங்களா மேடம்? வலது பக்கந்தானுங்களே?"

"எங்க அம்மாவுக்கு" என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. "இடது கை. இடது இடுப்பு."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் மிரண்டிருந்தார். "அதுக்கென்னங்க மேடம், தெச்சுரலாம். சேலைக்கு பெல்ட் வளையம் நிக்காது. அவிங்களயே ஒருக்கா கூட்டியாந்துருங்க."

அடுத்த நாள் கூட்டிப்போனேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, தோலை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். தையலுக்கும் கத்தி வாய்க்கும் நடுவில் ஒரு தோல் பட்டை வைக்கச் சொன்னாள். பெல்ட்டுக்குப் பதில் அகலமான துணிப்பட்டை. பொத்தான் இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில். எல்லாம் முடிந்து எழுந்தவள், திரும்பி நின்று கேட்டாள்:

"ஓரத்துல பூ வெச்சுத் தெப்பியா தம்பி?"

"வெக்கலாம்ங்க ஆயா. என்ன பூ வேணும்?"

"எதோ ஒண்ணு. பத்தடி தள்ளி நிக்கறவனுக்குத் தெரியற மாதிரி பெருசா."

உறை இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சிவப்பு நூலில் ஒரு பெரிய செம்பருத்தி. காட்டோரத்து ஆச்சா மரங்கள் சாலையை அகலப்படுத்தியபோது போயின. வேப்பமரத்தடியில் வண்டிகள் நிற்கின்றன. தோல்காரர் இல்லை, அத்தை இல்லை, அப்பா இல்லை. மரங்கள் போனதற்குக்கூட நான் ஒருவாறு சமாதானமாகிவிட்டேன். அம்மாவின் கை ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் காலையில் அம்மா அந்தப் பூவை இடது இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் நிதானமாக நடந்து வெளியே போகிறாள். படத்தில் அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார்.