இறகு வைக்காத டோமஹாக்

தென் லண்டன் சட்டனில், என் வீட்டு மாடியறையில் பதினொரு கோடரிகள் இருக்கின்றன. ஏழு, முகாமில் விறகு வெட்டுகிறவை. நான்கு டோமஹாக்குகள், அதாவது பழைய வட அமெரிக்கக் காடுகளில் ஆளாளுக்கு இடுப்பில் செருகித் திரிந்த கைக்கோடரிகள். பதினொன்றை எடுக்க நூற்றுக்கு மேல் தூக்கிப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். விற்கிறவர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. பளபளவென்று வார்னிஷ் அடித்த பிடி, துளைக்குள் பசை ஊற்றி மறைத்த இடைவெளி, சாணையில் சூடேறி நீலம் பாரித்துப் பதம் போன வாய்: இந்தக் குப்பைக்கு வரலாற்றுப் பாணி என்று பெயர். நல்ல டோமஹாக்குக்குப் பசையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். பிடியை மேலிருந்து துளைக்குள் இறக்கினால், வீச வீசத் தலை தானே இறுகும். பழங்காலச் சிப்பாய் வேடமிட்டுக் கூடாரம் அடித்துத் தங்கும் எங்கள் சங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதுகூடத் தெரியாது.

அங்கே தமிழர் இரண்டு பேர். நானும், ஜெர்மனியிலிருந்து வந்து குழாய் வேலை செய்யும் ஒரு நண்பரும். சென்ற கோடை முகாமுக்கு அவருடைய வான் வண்டியில் போனோம். நான்காவது டோமஹாக்கை முதன்முதலாக மரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் ஒரே எண்ணம். வெட்டிப் பார்க்காமல் தெரிவு சரியா பிழையா என்று எப்படிச் சொல்வது?

வாசலிலேயே சங்கத் தலைவர் மறித்தார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், தளபதி வேடம். கோட்டில் ஒன்பது பொத்தான், அதில் மூன்று பிளாஸ்டிக். பார்வையாளர் வருகிறார்கள், டோமஹாக் பிடிப்பதென்றால் நாங்கள் இருவரும் செவ்விந்தியராக நிற்பதுதான் பொருத்தம் என்று இரண்டு இறகுகளை நீட்டினார். வெள்ளைச் சிப்பாய்களும் அதை வைத்திருந்தார்கள், உங்கள் இடுப்பிலேயே ஒன்று தொங்குகிறதே என்றேன். அது வேறாம். ஏன் வேறு என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை.

"ஒரு இறகுதானே அண்ணை, வையுங்கோவன்." நண்பர் அதற்குள் தன்னுடையதைச் செருகிவிட்டார்.

"உமக்கு வடிவாத்தான் இருக்கு. மயில் தோத்துது."

"பகிடி விடாதேங்கோ. வைக்காட்டி வெட்ட விடமாட்டாங்கள்."

"விடாட்டி நான் திரும்பிப் போறன்."

"வான் திறப்பு என்னட்டை எல்லோ இருக்கு!" சாவியை ஆட்டிக் காட்டினார்.

நான் இறகை வாங்காததைப் பார்த்து, கோடரியை நண்பரிடம் கொடுத்துவிடலாமே என்றார் தலைவர். நண்பர் கையை நீட்டினார்.

"இதை எங்க பிடிக்கிறதெண்டு தெரியுமோ?"

"படத்துக்குத்தானே அண்ணை."

கொடுக்கவில்லை. முகாமுக்கு விறகு வெட்டுவது யார் என்று தலைவரைக் கேட்டேன். ஒருவருமில்லை. வலைப்பையில் கட்டிய விறகை பெட்ரோல் நிலையத்தில் வாங்கி வந்திருந்தார்கள். ஆறு பை. எண்ணினேன். மத்தியானத்துக்கே காணாது என்றேன். அவருக்கும் அது விளங்கியது. தேநீர் இல்லாமல் எந்த ஆங்கிலத் தளபதியும் போருக்குப் போகமாட்டான். கூடாரங்களுக்குப் பின்னால், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தார். என்ன பெருந்தன்மை!

பின்னால் காற்றில் முறிந்த ஆஷ் மரக்கிளை ஒன்று கிடந்தது. மூன்றாவது வெட்டில் தலை பிடியில் இறுகியதைக் கை உணர்ந்தது. அதற்குப் பிறகு அது மயிரளவும் அசையவில்லை. முன்புறத்தில் நண்பரோடு படமெடுக்க வரிசை நின்றது. நான் தோள் நோகும்வரை வெட்டினேன். தெரிவு சரி.