எங்கள் ஒழுங்கையில் ஒரே பெயர்

எங்கள் குறுகலான தெரு ஒழுங்கையில் என் பெயர் எனக்கு மட்டும் சொந்தமில்லை. கொக்குவிலில் எங்கள் பக்கத்துக்காரருக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கோயில் சுவாமியின் பெயரை வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால் மூன்று வீட்டில் மூன்று பேருக்கும் அதே பெயர். ஊரார் பெயரை விட்டுவிட்டுத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் கிளாக்கர். காலமெல்லாம் பஸ் ஓட்டிய என் வயதுக்காரர் றைவர். வீடு வீடாக லைட்டும் ஃபானும் பூட்டித் திரியும் இளம்பிள்ளை வயரிங். கடிதம் வந்தாலொழிய என் பெயர் எனக்கே ஞாபகம் வருவதில்லை.

அந்தப் பெயரை ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று உரக்கச் சொல்லிக்கொண்டு போனது. கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, பெயரைச் சொல்லி, காலமானார் என்றது. யாருடைய மகன், யாருடைய கணவன் என்று கேட்பதற்குள் அது சந்தியால் திரும்பிவிட்டது.

மனைவி அகப்பையோடு ஓடிவந்தாள்.

“என்னப்பா, உங்கடை பேரையெல்லோ சொல்லுறாங்கள்!”

“நான் இஞ்சை இருக்கிறன். அது றைவராத்தான் இருக்கும்.”

எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. மனிதர் போன வருடம்தான் நெஞ்சில் பெரிய ஒப்பரேஷன் செய்துகொண்டு கொழும்பிலிருந்து வந்தவர். அரசியலோ அவித்த புட்டோ, எதைப்பற்றிப் பேசினாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவர். இனி யாரோடு சண்டை பிடிப்பது என்று நினைத்தபடி வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

றைவர் வீட்டுக் கேற் சாத்திக் கிடந்தது. பந்தலுமில்லை, ஒரு கதிரையுமில்லை. தகப்பன் செத்த வீட்டில் இப்படியும் பிள்ளைகளா என்று கோபம்கூட வந்தது. கேற்றைத் தள்ளினால் எதிரே றைவர் நிற்கிறார், வெள்ளை வேட்டியோடு, சேட்டுக்குப் பொத்தான் பூட்டியபடி. அவர் என்னைக் கண்டு தூணைப் பிடித்துக்கொண்டார்.

“கிளாக்கர்! உம்மடை செத்தவீட்டுக்கெல்லோ நான் வெளிக்கிடுறன்!”

“நான் உம்மடை செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறன்.”

“உமக்குத்தானே சீனி வருத்தம், பிறஷர் எல்லாம் கிடக்கு?”

“நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சது உமக்கு.”

இரண்டு கிழவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் றைவர்தான். அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. ஏன் என்று கேட்க வாயைத் திறந்தபோது எனக்கும் விளங்கியது. வயரிங், முப்பது வயதை இப்போதுதான் தாண்டிய பிள்ளை. அவன் சாவான் என்று எங்கள் இருவருக்கும் எண்ணமே வரவில்லை.

ஒழுங்கையின் மறுகரைக்கு நடந்தோம். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியப்புறம் நெஞ்சு நோகிறது என்றானாம், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம். உடலை இன்னும் கொண்டுவரவில்லை. அவனுடைய மனைவியை அறைக்குள் வைத்திருந்தார்கள். தாய் விறாந்தையில் இருந்தாள். நாங்கள் படி ஏறியதும் அவள் அழுகை நின்றது. என்னைப் பார்த்தாள், றைவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“இந்தப் பேரிலை மூண்டு பேர் இருந்தியளே,” என்றாள். “எமனுக்கு உங்களிலை ஒருதரைக் கண்ணிலை தெரியேல்லையோ?”

யாரோ ஒரு பெண் “சும்மா இரக்கா” என்று அவள் வாயைப் பொத்தப் போனாள். றைவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, உயிரோடு வந்து நிற்பதே வெட்கமாக இருந்தது.

“ஓம் தங்கச்சி,” என்றேன்.