நிற்காத விரல்

ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ராகம் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. கரும்பலகையில் ஒரு வரியை எழுதி, கடைசி எழுத்தை இழுத்து ஒரு வளைவு கொடுத்து அவர் சொன்னால், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அதே வளைவோடு திருப்பிச் சொல்வார்கள். தாழ்வாரத்தில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவர் கணவர், சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றும்போதே கச்சேரி முடிந்ததா என்று கேட்பார். டீச்சருக்கு அதில் கோபம் வராது. உள்ளூர ஒரு பெருமைதான்.

இருபத்திரண்டு வருடம் ஒரே வகுப்பு. மற்றவர்கள் மேல் வகுப்புக்கு மாற்றச் சொல்லி நடையாய் நடந்தபோது, இவர் ஒன்றாம் வகுப்பை விட்டு அசைய மறுத்தார். எழுத்து தெரியாமல் வருகிற பிள்ளையைப் படிக்கிற பிள்ளையாக அனுப்புவதைவிடப் பெரிய வேலை என்ன இருக்கிறது என்பார். வாய்வார்த்தைக்குச் சொன்னதில்லை, மனதார நம்பினார். நம்பியதுதான் வம்பாகப் போயிற்று.

பிள்ளைக்குப் படிப்பு வந்துவிட்டதா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். யாரும் சொல்லித் தந்ததில்லை, அவரே கண்டுபிடித்தது. பிள்ளை எழுந்து நின்று, புத்தகத்தை விரித்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்துப் படிக்க வேண்டும். விரல் எங்கும் நிற்காமல் வரியின் கடைசி வரை போனால் தேறியாயிற்று. பெரும்பாலான பிள்ளைகளின் விரல் எண்ணெய் தடவியதுபோல் போகும். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு எழுத்திலும் நின்று, உதட்டைக் கடித்து, பிறகு அடுத்த எழுத்துக்குப் போவான். அவனால் ராகம் கெட்டது. அதனாலேயே அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

உறுத்திய விஷயம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ரெண்டாம் வகுப்பு டீச்சர் வந்து, உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லையே அக்கா என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். லீவில் மறந்திருப்பார்கள் என்று இவர் பதில் சொல்வார். இருபத்திரண்டு வருடம் இதே கேள்வி, இதே பதில். மறக்கிற பிள்ளைகள் வருடா வருடம் ஒரே கணக்கில் மறக்குமா என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

இந்த வருடத்துச் செல்லப் பிள்ளை சிட்டு. உருவம் அப்படி, குரலும் அப்படி, டீச்சர் வைத்த பெயர்தான். அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அம்மா சலவை நிலையத்தில் பகல் முழுக்கத் துணி தேய்த்தாள். இரண்டு பேருக்கும் எழுத்து வாசனையே கிடையாது. ஒன்றாம் வகுப்பு பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடும் என்பதால், மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டு மருந்து கொடுப்பது சிட்டுவின் வேலை.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் சிட்டு மேடையேறி முழுப் பாடத்தையும் படித்தாள். விரல் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கூட்டம் கைதட்டியது. அம்மாக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வீட்டில் மருந்து பாட்டிலை இதுவரை பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், நேரம் காலம் தெரியாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சமாக இருப்பதாகவும் சொன்னாள்.

"இனிமே எதுக்கு அடுத்தவங்க கதவைத் தட்டுறீங்க? எதுவா இருந்தாலும் உங்க பொண்ணே படிச்சுச் சொல்லிடுவா. நான் சொல்றேன், தைரியமா இருங்க" என்றார் டீச்சர்.

அந்த அம்மாவும் தைரியமாக இருந்துவிட்டாள்.

விடாமல் மழை பெய்த ஒரு வாரம். சிட்டுவின் பை நனைந்து புத்தகம் கூழாகிப் போனது. டீச்சர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் இடது பக்கம் படம், வலது பக்கம் பாடம். பைண்டிங் செய்தவர்கள் ஒரு பாடத்தின் படத்துக்கு எதிரே இன்னொரு பாடம் வரும்படி தாள்களை மாற்றி வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த கட்டு அது. அதை டீச்சர் மறந்தே போயிருந்தார்.

பத்து மணிக்குச் சிட்டு எழுந்து ஏழாவது பாடத்தை விரித்தாள். வலது பக்கத்தில் மழையைப் பற்றிய பாடம் அச்சாகியிருந்தது. இடது பக்கத்தில் பசு மாடு நின்றது. சிட்டு படத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மழைப் பாடத்தின் அடியில் விரலை வைத்து, பசு வந்தது, புல் தின்றது, பால் தந்தது என்று கணீரென்று படித்தாள். கடைசி எழுத்தில் அந்த வளைவு. விரல் எங்கும் நிற்கவில்லை.

விளையாடுகிறாளோ என்று டீச்சர் ஒரு கணம் நினைத்தார். பிள்ளையின் முகத்தில் விளையாட்டே இல்லை, கைதட்டலை எதிர்பார்த்து நின்றாள். டீச்சர் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்து, இப்போது படி என்றார். சிட்டு கையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அதன் பிறகு அந்த வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடும் சத்தம் கேட்கவில்லை. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக மேஜைக்குக் கூப்பிட்டார். படத்தை மறைத்தார். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். தெரிந்த எழுத்துகளையே கலைத்துப் போட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு பிள்ளையைப் படமும் ராகமும் இல்லாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார். சில பிள்ளைகள் கூரையைப் பார்த்துப் பாடினார்கள். சிலர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு, அது அசையட்டும் என்று காத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டில் பதினொரு பேருக்குத்தான் படிக்கத் தெரிந்தது. பதினோராவது ஆள் அந்தக் கடைசி பெஞ்சுப் பையன். சிலேட்டில் எழுதிய புதுச் சொல்லில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்திலும் நின்று, முனகி, சேர்த்து, சரியாகச் சொன்னான். விரல் நிற்பதுதான் படிப்பு என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நிற்காத விரல் எதையும் படிக்கவில்லை. வருடத்துக்கு இருபது பேர் என்று வைத்தாலும் இருபத்திரண்டு வருடத்துக்கு எத்தனை பேர் என்று மனம் பெருக்கப் பார்த்தது. அவர் அதைப் பெருக்க விடவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிப் போனார்கள். டீச்சர் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். நாளை முதல் பாட்டு கிடையாது, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித் தரப் போகிறேன், பெற்றோர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றார். தலைமை ஆசிரியை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஊரெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதே இவர் வகுப்பைக் கேட்டுத்தான், இதை வெளியே விட்டால் மானம் போய்விடும், மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்ளலாம் என்று நீட்டிக்கொண்டே போனார். அதற்கே கால் மணி நேரம் ஆனது.

"இப்ப என்ன குடியா முழுகிப் போச்சு? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குப் படிக்க வரலைன்னா யாரு செத்துப் போயிடப் போறாங்க?"

டீச்சர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தவில்லை. குடையை மறந்து மழையில் இறங்கினார். நான் சொல்றேன், தைரியமா இருங்க. தன் குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அதிலும் அந்தப் பாழாய்ப்போன வளைவு இருந்தது.

சிட்டுவின் வீடு சலவை நிலையத்துக்குப் பின் சந்தில், இரும்பு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. ஒரே அறை. கட்டிலில் கொத்தனார் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுத் தட்டு காலியாக இருந்தது. சிட்டு கட்டிலருகே முக்காலியில் ஏறி நின்று, பழுப்பு பாட்டில் ஒன்றைச் சாய்த்து, மூடியில் மருந்தை அளந்துகொண்டிருந்தாள். பாட்டிலில் மேலே பச்சைப் பட்டை போட்ட லேபிள். ஜன்னல் விளிம்பில் அதே பழுப்பில், அதே பச்சையில் ஒரு காலி பாட்டில். டீச்சர் வந்ததைப் பார்த்ததும் பிள்ளை சிரித்தாள்.

"டீச்சர், நானே படிச்சேன்" என்று சொல்லி, லேபிளின் அடியில் விரலை ஓட்டிக் காட்டினாள். "சாப்பாட்டுக்குப் பின்... இரண்டு மூடி..."

டீச்சர் அவள் கையிலிருந்து மூடியை வாங்கினார். வாங்கிய வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. காட்டமான வாடை மூக்கில் ஏறியது. காலி பாட்டிலில் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூடி என்றுதான் இருந்தது. புது பாட்டிலின் லேபிளில் வேறு இருந்தது. மேலுக்குத் தடவ மட்டும். உள்ளே சாப்பிடக் கூடாது. விஷம்.

"ஒரு மூடி குடிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல டீச்சர். இப்பத்தான் ஊத்துறா" என்றார் கொத்தனார். "இந்தத் தடவை வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு நானும் பார்த்தேன். புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். ஏன், என்னாச்சு?"

டீச்சர் சிட்டுவை முக்காலியிலிருந்து இறக்கிவிட்டார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். உங்கள் பெண்ணுக்கு இன்னும் படிக்கத் தெரியாது, தெரியும் என்று சொன்னது நான், தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது என்றார். சிட்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்த லேபிளில் முதல் எழுத்தை மட்டும் காட்டி, இது என்ன என்று கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, விம்மலுக்கு நடுவில், சிட்டு அந்த ஓர் எழுத்தைச் சரியாகச் சொன்னாள். விரல் அங்கேயே நின்றது. நாளைக்கு இரண்டாவது எழுத்து என்றார் டீச்சர்.

கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"அவளை விடுங்க டீச்சர், அது சின்னப் பிள்ளை. கடையில எப்படி மாத்திக் கொடுத்தாங்க? காலையில இவங்கம்மா காலி பாட்டிலைக் காட்டித்தான் வாங்கிட்டு வந்தா. கடையில நிக்கிற பொண்ணு லேபிளைப் படிச்சுச் சொல்லித்தான் கொடுத்துச்சாம். அதுவும் உங்ககிட்டப் படிச்சதுதானாமே. உங்க பேரைச் சொல்லிச்சாம்."

டீச்சர் இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மருந்துக்கடை நாலு தெரு தள்ளி இருந்தது.

கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கல்லாவுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரை பாட்டிலும் பெட்டியுமாக அடுக்கியிருந்தது. பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், நிறம் நிறமாக. அத்தனை அழகாக யாரும் அடுக்கியிருக்க முடியாது. நடுவில் நின்ற இளம்பெண் டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பதினைந்து வருடம் ஆகியிருக்கும். முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடின பிள்ளை. அவளும் ஒரு பெற்றோர் கூட்டத்தில் மேடையேறிக் கைதட்டு வாங்கியது அவருக்கு ஞாபகம் வந்தது.

அவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், எத்தனை வருஷமாச்சு டீச்சர் என்றாள். அவர் உட்காரவில்லை. புது பாட்டிலைக் கல்லாவின் மேல் வைத்து, பச்சைப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டும்மா."

அந்தப் பெண் அவர் கையைப் பார்த்தாள். ஓரக்கண்ணால் பக்கத்திலிருந்த காலி பாட்டிலின் பச்சையைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

"சாப்பாட்டுக்குப் பின்... இரண்டு மூடி..."

கடைசி எழுத்தில் அந்த வளைவு அப்படியே இருந்தது. விரல் எங்கும் நிற்காமல் வரியின் கடைசி வரை போனது. டீச்சருக்குப் பின்னால், வாசலைத் தாண்டி மழை வரை, கையில் காலி பாட்டில்களோடு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.