ஒரு குவளை கரித்தூள்

எண்பதுகளில் பாயான் பாருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். எலக்ட்ரானிக் சிப் வைக்கும் கறுப்புத் தட்டுகள் செய்தோம். நம் உடம்பிலும் துணியிலும் சேரும் மின்சாரம் பட்டாலே சிப் செத்துவிடும். அது தட்டு வழியே இறங்கிப் போகத்தான் பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலப்பது. கலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி ஏறிக் கடல் தாண்டி வரும் ஓர் அக்கா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், அந்தச் சம்பளம்தான் சோறு.

கரி கூடினால் தட்டு முறுக்கு மாதிரி நொறுங்கும். மூலைகள் உடைந்துகொண்டே இருக்க, என் மேதாவித்தனம் தலைதூக்கியது.

"அக்கா, இனிமே ஒரு குவளை கரி குறைச்சுப் போடுங்க."

உடைவது நின்றது. தட்டில் மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது என் வேலை, பார்க்கவில்லை. கரி கொஞ்சம் குறைந்தால் மின்சாரம் ஓடுவதும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்பு.

அந்த வாரம் ஆயுத பூஜை. அக்கா வழக்கம்போல் இயந்திரத்துக்கு விபூதி பூசிச் சந்தனம் வைத்தார். சில நாளில் தட்டுகள் திரும்பி வந்தன. வாங்கியவர்களின் சிப்புகள் பாழ். மேனேஜர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, விபூதிச் சாம்பல் உள்ளே விழுந்ததுதான் காரணம் என்றார். அக்காவும் நம்பிவிட்டார். "விழுந்திருக்கும் போஸ், என் தப்புதான்" என்று மேனேஜரிடம் அழுதார். வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அன்று புதன். அப்போதுதான் மீட்டரை எடுத்துத் திரும்பி வந்த தட்டில் வைத்தேன். முள் அசையவில்லை. கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றால்தான் மின்சாரம் ஓடும். அந்தத் தொடர் அறுந்தால் கொஞ்சம் குறைவதில்லை, அடியோடு நின்றுபோகும். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன.

வெள்ளிக்கிழமை காலை அக்கா லாக்கரைக் காலி செய்வதைப் பார்த்தபின் தாங்கவில்லை. பழைய அளவு கரியோடு ஒரு சிட்டிகை விபூதியும் போட்டு ஒரு தட்டு வார்த்து, மேனேஜர் மேசையில் வைத்து மீட்டரைத் தொட்டேன். விபூதி கலந்தும் முள் ஓடியது.

"கரியைக் குறைக்கச் சொன்னது நான்" என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவுக்கு வேலை நிலைத்தது.

அவர் என்னைத் திட்டவில்லை.

"எப்பலேருந்து தம்பி தெரியும்?"

"புதன்கிழமையே தெரியும்க்கா."

"ரெண்டு நாளா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்லா" என்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானே விபூதி வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். அக்கா எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இயந்திரத்துக்குப் பூசவில்லை.