ஆறு பேரின் வேலை

போட்டியின் விதிமுறைகளில் மக்கள் பணி என்று ஒரு பகுதி இருந்தது. இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதைக் கட்டிய மாணவர்கள் கல்லூரிச் சுவரைத் தாண்டி யாரிடமாவது போயிருக்க வேண்டும். போனதற்குப் புகைப்படமும் கையெழுத்தும் காட்ட வேண்டும். எங்கள் ரோபோ குழுவில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நீல அட்டை போட்ட நீளப் பதிவேடு ஒன்று வைத்திருந்தேன். எங்கே போனோம், யாரிடம் பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்குப் போய், கறுப்புக் கோட்டின் மேல் தானாக ஓடும் சிறு வண்டியைக் காட்டி, கைதட்டலை வாங்கிக்கொண்டு திரும்புவது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் மக்கள் பணி அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டில் போட்டியின் கருப்பொருள் மாறியது: உங்கள் ஊரின் சிக்கல் ஒன்றைத் தீர்த்துக் காட்டுங்கள்.

"உங்க தெருவுல இன்னா பிரச்சனை கீது, சொல்லு" என்றான் எங்கள் குழுத் தலைவன். பொன்னேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருபவன். எதையும் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடித்துவிட விரும்புபவன்.

"பக்கத்து வீட்டு அக்காவோட கண்ணு" என்றேன்.

அக்கா தொழிற்பேட்டையில் போல்ட் செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் தெருவிலிருந்து ஆறு பெண்கள் ஒரே வேனில் போய், ஒரே மேசையில் உட்கார்ந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழுதானதைப் பொறுக்கி எடுப்பார்கள். வேலை முடிந்து வந்ததும் அக்கா ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு வாசற்படியில் சாய்ந்திருப்பார். யார் கடந்து போனாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அந்தக் கண்ணைக் காப்பாற்றத்தான் நாங்கள் தொடங்கினோம். என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. தொடங்கும்போது இருந்த நோக்கம், முடிவில் நடப்பதற்குப் பொறுப்பேற்க வராது. அதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக் கூடத்தில் கூடினோம். ஆலையிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட வெளியே எடுத்துவர முடியாது என்பதால், பழைய இரும்புக் கடையில் பை நிறைய வாங்கி வந்து கொட்டினோம். அக்கா தன் கையுறையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கட்டைவிரல் பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"கம்பெனியில கிளவுஸ் குடுக்குறாங்க. போடலன்னா சூப்பர்வைசர் கத்துவாரு. போட்டா பிசிறு தெரியாது. அதான் இப்டி. அவருக்கும் குறை இல்ல, எனக்கும் குறை இல்ல" என்றார்.

கேமரா வைத்தோம், விளக்கு வைத்தோம். அளவு மாறிய போல்ட்டையும் மரை சிதைந்த போல்ட்டையும் எங்கள் இயந்திரம் கண்டுபிடித்தது. மயிரிழை விரிசலை மட்டும் அதனால் பார்க்க முடியவில்லை. மூன்று ஞாயிறுகள் விளக்கின் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நான்காவது ஞாயிறு அக்கா பொறுமை இழந்தார்.

"இன்னா, எல்லாத்தையும் பாத்துக்கினே கீறீங்க? கீழ போட்டுக் கேளுங்கப்பா!"

எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஒரு போல்ட்டை விட்டார். கணீரென்றது. இன்னொன்றை விட்டார். அது மணியின் நாக்கைக் கையால் பிடித்ததுபோல் அடங்கிப்போனது.

"இது தொண்டை கட்டினது. உள்ள விரிசல் கீது. ஷிப்டு முடியறப்ப கண்ணு அவ்ளோதான். அப்பால காதுதான் ஓட்டும்."

குழுத் தலைவன் என்னைப் பார்த்தான். அடுத்த வாரமே இயந்திரத்தில் ஓர் இரும்புத் தகடும் ஒலிவாங்கியும் சேர்ந்தன. போல்ட் சரிவில் உருண்டு வந்து தகட்டில் விழும். ஓசையைக் கேட்டு ஒரு சிறு கதவு அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளிவிடும். அக்கா சொன்னதை வார்த்தை மாறாமல் பதிவேட்டில் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கெல்லாமா மார்க்கு போடுவாங்க?" என்று சிரித்தார்.

மண்டல அளவிலான போட்டியில் நடுவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், "இது எத்தனை பேர் வேலையைச் செய்யும்?" என்று கேட்டார்.

"ஆறு பேர் வேலை, சார்" என்றான் தலைவன்.

அரங்கம் கைதட்டியது. நானும் கைதட்டினேன். கேட்டவரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நான் கவனித்தது அதற்குப் பிறகுதான். அதே சின்னத்தை ஒவ்வொரு நாளும் அக்காவின் ஆலைச் சட்டைப் பையில் பார்த்திருக்கிறேன். இறுதிப் போட்டி முடிந்ததும் இயந்திரத்தைத் தங்கள் ஆலையில் ஓட்டிப் பார்க்க விரும்புவதாக அவர் சொன்னபோது, தலைவன் என் தோளை உலுக்கினான். நானும் சிரித்துவைத்தேன். அதை மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

இறுதிப் போட்டிக்கு முன் மக்கள் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நடத்தியாக வேண்டும். எங்கள் தெருவின் சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு செய்தேன். பொன்னேரியில் ஒரு கடையில் பிளக்ஸ் பேனர் அடித்தோம். நடுவர்களுக்குக் காட்டப்போவதும் தெருவுக்குக் காட்டப்போவதும் ஒரே பேனர்தான். இரண்டு வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே பெரிய எழுத்தில் 'ஆறு பேர் வேலை, ஒரே இயந்திரம்'. கீழே 'எங்கள் வழிகாட்டிகள்' என்று நன்றியோடு ஆறு பெண்களின் படங்கள். பிளக்ஸ் கடைக்காரர் ஒவ்வொரு முகத்தையும் வட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் பூ வளையம் போட்டுக் கொடுத்திருந்தார். அது அழகாக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆறு பேரில் ஒருவரான கடைசி வீட்டு அக்கா பேனர் முன் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உயிரோட கீற எங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு வச்சிக்கிற?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. "தோற்றம் மறைவு போடல பாரு" என்றது இன்னொரு குரல். "உன் மொகத்துக்கு அந்தப் பூ வளையம் நல்லாத்தான்டி கீது" என்றது மற்றொன்று. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேல் வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு விரலால் முகங்களை எண்ணினார்.

"ஆறு பேரு வேலை. நாங்களும் ஆறு பேரு. எந்தக் கம்பெனிக்கும்மா போவுது இது?"

நான் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை.

செயல்விளக்கம் தொடங்கியது. அக்கா பையைத் துழாவி, தன் தட்டில் தானே போட்டுக் கேட்டு, மிகவும் கடினமான ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். பார்வைக்கு அது பழுதற்றதாகவே இருந்தது. இயந்திரத்தில் விட்டார். தகடு ஒலித்தது; கதவு இடப்பக்கம் திரும்பியது. பழுது. சரியான தீர்ப்பு. அக்காவின் முகம் முதலில் மலர்ந்தது. தான் சொல்லிக்கொடுத்தது தேறிவிட்ட மலர்ச்சி அது. அடுத்த கணமே அந்த முகம் என்னைத் தேடியது. அந்த ஒரு கணத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். இன்றும் அதை என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை.

"பேனரை எடுத்துக்கினு போவாதே" என்றார் கடைசி வீட்டு அக்கா, போகிறபோக்கில். "போட்டியெல்லாம் முடிஞ்சதும் எனக்குக் குடு. எங்கூட்டுக் கூரை சீட்டு ஒழுவுது."

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் எழுந்து எழுந்து வெளியே போனேன். போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்று தலைவனிடம் கேட்டேன்.

"நாம செய்யலன்னா வேற எவனாவது செய்வான். அவன் உங்க அக்கா பேரக்கூட எழுத மாட்டான்" என்றான். பிறகு குரல் தணிந்தது. "எனக்கு இதுலதான் வேலை கிடைக்கணும். எங்க ஊட்ல நான்தான் முதல்ல படிச்சவன். அதையும் கொஞ்சம் யோசி."

யோசித்தேன். அவன் சொன்னதில் தவறு இல்லை. அதனால்தான் அமைதி கிடைக்கவில்லை.

விடியற்காலையில் வேனுக்காகச் சாலையோரம் நின்ற அக்காவிடம் போனேன். இயந்திரம் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்பதை அப்போதுதான் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தெரியும். உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சிது. நீ போ, ஜெயிச்சிக்கினு வா. ஒண்ணு மட்டும் செய். அந்தச் சத்தம் நான் சொல்லிக் குடுத்ததுன்னு எங்க கம்பெனிலேர்ந்து வர்ற அந்தாள் எதிர்லயே, என் பேரு போட்டுச் சொல்லு. மிஷினு வந்தா அதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல? அந்த ஆளு நானா இருக்கணும்."

"மத்த அஞ்சு பேரு, அக்கா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கினு கீறேன்." வேன் வந்துவிட்டது.

இறுதிப் போட்டிக்குச் சென்னைக்குப் போகும் ரயிலில் நான் எடுத்த முடிவுகளுக்குக் கணக்கே இல்லை. பொன்னேரியில் பெயரைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மீஞ்சூர் வருவதற்குள் பயம் பிடித்தது: ஆலையின் வேலைமுறையை வெளியாட்களுக்குச் சொல்லிவிட்டார் என்று யாராவது குற்றம் சாட்டினால்? ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்தக் கடிதம்கூட வேண்டாம். நாளையிலிருந்து வேன் ஏறாதே என்றால் போதும். எண்ணூரில் மீண்டும் துணிந்தேன். திருவொற்றியூரில் மீண்டும் தயங்கினேன். மேடையில் ஒலிவாங்கி என் முன் வந்தபோது, "எங்கள் பகுதித் தொழிலாளர் ஒருவர் இந்த முறையைக் கற்றுத் தந்தார்" என்றேன். பெயரைச் சொல்லவில்லை. அதை முன்னெச்சரிக்கை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஆலையில் இயந்திரத்தைச் சோதிக்க நாளும் குறித்தார்கள்.

மறுநாள் அதே சாலையோரத்தில் அக்கா கேட்டார்: "சொன்னியா?"

"தொழிலாளர் ஒருத்தர்னு சொன்னேன்க்கா."

"தொழிலாளர் ஒருத்தரா?" வேனின் படியில் கால் வைத்தபடி திரும்பினார். "அது யாரு?"

அவருக்கு வரக்கூடிய தீங்கை நான் எடைபோட்டேன். ஆனால் அதை அவர் எனக்கு முன்பே எடைபோட்டு முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருந்தார். அவருடைய துணிவை என் அச்சத்தால் ரத்து செய்ய எனக்கு என்ன உரிமை? வேன் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆலை வாயிலுக்கு நடந்தேன்.

காவலாளி வெகுநேரம் காக்க வைத்தார். உருக்காலைகளின் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. நான் வாயிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். கடைசியில், நடுவராக வந்திருந்த அந்த ஆலை அதிகாரி வந்தார். அக்கா பேசியது எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து காட்டி, அவருடைய பெயரைச் சொன்னேன்.

"எங்க ஆளா? இங்கே வேலை பார்த்துக்கிட்டே வெளியில போய்ச் சொல்லிக் கொடுத்திருக்காங்களா?" என்றார். நான் பயந்தது அதே சொற்களில் எதிரே வந்து நின்றது.

"அவங்க வீட்டுத் தட்டுல, பழைய இரும்புக் கடைப் போல்ட்டுல சொல்லிக் கொடுத்தாங்க சார். உங்க பொருள் எதையும் தொடல."

அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். "சோதனை நடக்கிற அன்னிக்கு அவங்களை மிஷின் பக்கத்துல நிக்கச் சொல்றேன். மத்ததை என்னால இப்போ சொல்ல முடியாது" என்றார்.

படிப்பு முடிந்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். தலைவனுக்கு அவன் விரும்பிய வேலையே கிடைத்தது. எங்கள் இயந்திரத்தை ஆலையின் பொறியாளர்கள் திருத்திப் பெரிதாக்கினார்கள். அதன் முன் இப்போது அக்காதான் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் ஈரத்துணி தேவைப்படுவதில்லை. மற்ற ஐந்து பேரில் மூன்று பேரைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு பேரிடம் கூப்பிட்டால் வரச் சொன்னார்கள். கூப்பிடவில்லை. அந்த இருவரில் ஒருவர் கடைசி வீட்டு அக்கா.

இயந்திரத்தை இரண்டாவது ஷிப்டிலும் ஓட்டப்போகிறார்கள் என்று போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். ஐந்து பேரைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்தது பொய்யில்லை. "அந்த ரெண்டு பேரையும் நான் பழக்கிக் குடுக்கறேன்னு எழுது. என் பேரு போட்டே எழுது" என்றார். ஆலைக்கு ஒரு மனு எழுதினேன். அதில் அந்த இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஞாயிறன்று கடைசி வீட்டுக்குப் போனேன். கூரைத் தகரத்தின் ஓட்டைக்கு மேல் எங்கள் பேனர் கிடந்தது. எழுத்துப் பக்கம் உள்நோக்கி இருந்ததால், ஓட்டை வழியே பூ வளையத்தில் ஒரு பாதியும் ஒரு முகத்தின் நெற்றியும் தெரிந்தன.

"வா, வா" என்றார் அவர், அரிசி புடைத்தபடியே. "உன் மிஷினு வாரத்துக்கு ஒரு நாளாவது லீவு எடுக்குமா, கேட்டுச் சொல்லு. அன்னிக்கு நாங்க போய்க்கிறோம்."

நான் மனுவையும் பேனாவையும் நீட்டினேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"போன தடவ படம் புடிச்சே, கையெழுத்து வாங்கினே. இன்னாத்துக்குன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல. இந்தத் தடவ மொதல்லேர்ந்து படி. கேட்டுட்டுப் போடறேன்."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் நிறுத்தச் சொல்லி, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார்.