ராசப்பன் பார்த்த ரக்பி

எங்கள் மலையில் குண்டனி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் மூன்றாவது ஆள் ராசப்பனைக் கூப்பிடத்தான் ஓடுவான். மிளகு பறிக்க மரத்தின் மேல் ஏறியிருந்தாலும் மனிதர் இறங்கி வந்துவிடுவார். நடுவில் புகுந்து, இரண்டு பேரையும் அணைத்துப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைப்பார். அப்படிப் போன ஒரு கல்யாண வீட்டில்தான் முன்பல் ஒன்றை விட்டுவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்டவனை ஊர் அப்புறம்தான் கேட்கும்; பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனை முதலில் கேட்கும். இதை ராசப்பன் அளவுக்கு நம்புகிற ஆளை நான் பார்த்ததில்லை. என் டீக்கடையில் இரண்டு பேர் சத்தமாகப் பேசினாலே எழுந்து போய் நடுவில் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்கள் வாய்விட்டு நாலு வார்த்தை பேச முடியாத கடையில் எவன் இரண்டாவது டீ குடிப்பான்?

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த பூங்குழலி இந்தியாவுக்காக ரக்பி ஆடுகிறாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. ஓடுகிறவளை மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள். பொங்கலுக்குப் புருவத்தில் தையலோடு வந்து நின்றபோது குட்டு உடைந்துவிட்டது. இனி ஆட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டோடு இரு என்று ராசப்பன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பங்காளி காளியண்ணன் சும்மா இருப்பாரா? முகத்தில் தழும்பு விழுந்த பெண்ணை எவன் கட்டுவான் என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். பூங்குழலி அழவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள், சட்டம் தெரிந்துகொண்டு பாருங்கள், அதற்கு அப்புறமும் வா என்றால் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது. எங்கள் சோளக்காடு ஊரில் பெரிய டிவி என் கடையில்தான் இருக்கிறது. அதனால் சட்டத்தை விளக்குகிற வேலையும் எனக்கே. பூங்குழலி வாட்ஸப்பில் எல்லாவற்றையும் பேசி அனுப்பியிருந்தாள். பால் காய்ச்சிக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி. இவ்வளவுதான் மண்டையில் ஏறியது. மீதியெல்லாம் பால் பொங்கியதோடு போயிற்று.

ஆட்டம் சிங்கப்பூரோடு. ராசப்பன் வெளுத்த வேட்டியில் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். காளியண்ணன் ஒட்டிக்கொண்டு பக்கத்தில். தொடங்கின வேகத்தில் ஒரு சிங்கப்பூர்க்காரி நம் பெண் ஒருத்தியை இடுப்போடு கட்டித் தரையில் சாய்த்தாள். ராசப்பன் எழுந்துவிட்டார். அதற்குள் இரண்டு பக்கத்துப் பெண்களும் ஓடிவந்து, விழுந்தவளுக்கு மேலே குனிந்து, ஒருவரை ஒருவர் தோளோடு பிடித்துத் தள்ளினார்கள். ராசப்பன் மெதுவாக உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார்.

"பரவால்லியே அர்த்தனாரி. ஒருத்தி உளுந்ததும் அத்தன பேரும் விலக்கி உட ஓடியாறாங்களே."

அது விலக்குவதில்லை, பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளு என்று பூங்குழலி சொல்லியிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கப் போனேன். திறந்தால் அந்தப் பெண் ஊருக்கு வந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வேண்டியதுதான். கப்சிப் என்று டீ ஆற்றப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ராசப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. யார் முதலில் ஓடிவந்து விலக்கினாள், யார் சோம்பலாக வந்தாள் என்று ஒவ்வொருத்திக்கும் தீர்ப்புச் சொன்னார். பக்கவாட்டில் புகுந்த ஒரு பெண்ணை நடுவர் விசில் ஊதி நிறுத்தியபோது பெஞ்சைத் தட்டினார். சண்டைக்குள் எப்போதும் நேராகத்தான் போக வேண்டுமாம், பக்கவாட்டில் போனால் பல் போய்விடுமாம். விலக்குகிற மாதிரி தெரியவில்லையே, முட்டுகிற மாதிரியல்லவா இருக்கிறது என்று காளியண்ணன் இழுத்தார். நீ என்றைக்கு ஒரு சண்டையை விலக்கியிருக்கிறாய், உனக்கென்ன தெரியும் என்று ராசப்பன் கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் பந்து பூங்குழலி கைக்கு வந்தது. அடேயப்பா, என்ன ஓட்டம்! கடையே எழுந்து நின்றது. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேர் மோதி அவளைச் சாய்த்தார்கள். இந்த முறை நம் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரி எங்கேயோ பின்னால் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பூங்குழலி பந்தை விடாமல் அணைத்துக்கொண்டு கிடந்தாள். விழுந்தவள் பந்தை விட்டுவிட வேண்டுமாம்; விடாததற்காக விசில் அடித்துப் பந்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டமும் போயிற்று. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை ராசப்பன் கண் கொட்டாமல் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

இனிப் பார்க்க என்ன இருக்கிறது, வரச் சொல்லிவிடுங்கள் என்றார் காளியண்ணன். எனக்குப் பூங்குழலியை நினைத்தால் பாவமாக இருந்தது. என் கடைப் போண்டாவைத் தின்று வளர்ந்த பெண்.

கொஞ்ச நேரத்தில் அவளே என் போனுக்குக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன் கண்ணு."

"நான் ஊட்டுக்கு வந்துரட்டுங்களா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

ராசப்பன் தொண்டையைச் செருமினார். "அந்த ஒம்பதாம் நம்பர் புள்ள பக்கத்துல இருக்குதா? போன அதுகிட்டக் குடு."

அவள் ஒடிசாக்காரி, தமிழ் ஒரு சொல் தெரியாது என்று பூங்குழலி சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. போன் கை மாறியது.

"ஏங்கண்ணு, எம்புள்ள உளுந்து கெடக்கறப்ப நீ நின்னு பாத்துட்டு இருக்கலாமா? அடுத்த தடவ வெரசா ஓடியாந்துரு சாமி. நான் அங்க இல்லீல்ல." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பெண் தன் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னாள். கடையில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. ராசப்பன் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, சரி கண்ணு, சரி கண்ணு என்று போனை வைத்தார்.

"அப்ப பூங்குழலிய வரச் சொல்லலீங்களாண்ணா?" என்றார் காளியண்ணன்.

"எதுக்கு? உளுந்தா ஓடியாரேன்னு அந்தப் புள்ள சொல்லிருச்சு."